இரண்டாவது வாரத்தில் நழுவுகிறவர்களைத் தக்கவைப்பது எப்படி?

இணையவழி மனநலப் பயிற்சிக்கு ஆள் சேர்ப்பது பெரிய காரியமில்லை. பிரதேச செயலகத்தில் ஒரு கூட்டம், கோயில் மண்டபத்தில் ஒரு கூட்டம், பள்ளிவாசல் நிர்வாகத்தினருடன் ஒரு பேச்சு, பட்டியல் நிறைந்துவிடும். சிக்கல் இரண்டாவது வாரத்தில் தொடங்குகிறது. திருகோணமலை நகரம், கிண்ணியா, மூதூர், தம்பலகாமம் என்று பல இடத்து ஆட்களோடு வாராந்தப் பயிற்சி நடத்தும் உளவளத்துணையாளர் நான். ஆட்கள் நழுவும்போது "அக்கறையில்லாத சனங்கள்" என்று சலித்துக்கொள்கிற சக ஊழியர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். உலகம் முழுக்க இதுதான் நிலைமை. 2019இல் வெளியான ஓர் ஆய்வு 93 மனநலச் செயலிகளின் பாவனையைக் கணக்கெடுத்தது. முப்பதாவது நாளிலும் செயலியைத் திறந்தவர்கள், இடைநிலை அளவில், நூற்றுக்கு 3.3 பேர்தான்.

ஆகவே செயலி தானாக ஆளைப் பிடித்து வைக்கும் என்ற நம்பிக்கையை முதலில் விடுங்கள். ஆளுக்கு ஆள் வேண்டும். உலக சுகாதார நிறுவனம் லெபனானில் சிரிய அகதிகளிடம் பரீட்சித்த ஐந்து அமர்வுப் பயிற்சியில், நிபுணர் அல்லாத, ஆனால் பயிற்சி பெற்ற ஒருவர் வாரத்துக்குச் சுமார் 15 நிமிடம் ஒவ்வொருவரோடும் தொடர்பில் இருந்தார். அப்படியிருந்தும் பலர் இடையில் விலகினார்கள். முடித்தவர்களுக்குப் பலன் இருந்தது. அந்த 15 நிமிடத்தை எங்கே, எப்படி வைப்பது என்பதில்தான் நம்முடைய கெட்டித்தனம் இருக்கிறது.

"எப்போது ஓய்வாக இருப்பீர்கள்?" என்று கேட்காதீர்கள். "எனக்கு ஏது ஓய்வு?" என்பதுதான் பதிலாக வரும். "போன் எந்த நேரத்தில் உங்கள் கையில் இருக்கும்?" என்று கேளுங்கள். பல வீடுகளில் ஒரே போன்தான். காலையில் வீட்டுக்காரரோடு போய்விடும், மாலையில் பிள்ளையின் டியூஷன் குறிப்புகளுக்குப் போய்விடும். கிண்ணியாவில் மஃரிப் தொழுகை நேரத்தில் அழைத்தால் யாரும் எடுக்கமாட்டார்கள். தம்பலகாமத்தில் வெள்ளாமை வெட்டுகிற கிழமைகளில் புதிய அமர்வு தொடங்க வேண்டாம். நோன்பு மாதத்தில் நேரத்தையே மாற்றுங்கள். சுனாமி வந்த நாளான டிசம்பர் 26 நெருங்கும்போது கரையோரத்துச் சனங்கள் பேச்சைக் குறைத்துக்கொள்வார்கள். அந்தக் கிழமை பாடம் எதுவும் வேண்டாம், அழைத்துச் சுகம் விசாரித்தால் போதும்.

அடுத்தது போனின் திரை. "மனச்சோர்வுப் பயிற்சி: பாகம் 2" என்று ஓர் அறிவிப்பு வருகிறது. போன் அடுப்படி மேசையில் கிடக்கிறது, பக்கத்தில் மாமியார் இருக்கிறார். அன்றோடு அந்தப் பெண் பயிற்சியை விட்டுவிடுவார்; காரணத்தையும் உங்களிடம் சொல்லமாட்டார். "அக்கா, புதன் பின்னேரம் கதைப்போமா?" என்று மட்டும் எழுதுங்கள். வட்ஸ்அப் குழு அமைக்கவே வேண்டாம். குழுவில் எல்லோருடைய இலக்கமும் எல்லோருக்கும் தெரியும். நம் ஊரில் இருபது பேர் சேர்ந்தால் அதில் ஒருவர் மற்றவரின் மச்சாளாக இருப்பார். ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் வசதி வட்ஸ்அப்பிலேயே உண்டு. ஆனால் உங்கள் இலக்கத்தைச் சேமித்து வைத்தவர்களுக்கு மட்டுமே அது போய்ச் சேரும். முதல் சந்திப்பிலேயே, அவர்கள் விரும்புகிற பெயரில், சேமிக்கச் சொல்லுங்கள்.

வீடியோவைக் குறையுங்கள். மாதக் கடைசியில் டேட்டா தீர்ந்துபோகும். இரண்டு நிமிடத்துக்குள் அடங்கும் குரல் பதிவு போதும்; அதையும் நம் ஊர்ப் பேச்சில் பதிவு செய்யுங்கள், வானொலிச் செய்தி வாசிப்பதுபோல் அல்ல. திட்டத்தில் காசு இருந்தால் வாராவாரம் ரீலோட் போடுங்கள். மாதத்துக்கு ஒரேயடியாகப் போட்டால் பிள்ளைகளின் விளையாட்டுக்குப் போய்விடும்.

வீட்டுவேலை ஒன்றே ஒன்று. படிவம் நிரப்பச் சொன்னால் பள்ளிக்கூட ஞாபகம்தான் வரும். டச் பே கடற்கரை வரை நடந்துவிட்டு வருவது, விட்டுப்போன தையலை எடுப்பது என்று அவர் தேர்ந்த ஒரு சின்னச் செயல். செய்ததற்கு அடையாளமாக ஒரு படம் அனுப்பட்டும். அன்றைய மனநிலைக்குப் பூச்சியத்திலிருந்து பத்துக்குள் ஓர் இலக்கம், அவ்வளவுதான். இலக்கத்துக்குக் கட்டாயம் பதில் எழுதுங்கள். நேற்று "3", இன்று "5" என்று வந்தால், "இரண்டு கூடியிருக்கிறதே, என்ன நடந்தது?" என்று கேளுங்கள். தன்னை ஒருவர் கவனிக்கிறார் என்று தெரிந்தால் அடுத்த கிழமையும் எழுதுவார்.

விட்டுப்போனவரைத் திரும்ப அழைப்பதுதான் இதில் மிக நுட்பமான வேலை. மனச்சோர்வில் குற்றவுணர்வும் ஓர் அறிகுறி. "நீங்கள் மூன்று பாடங்களைத் தவறவிட்டீர்கள்" என்ற தானியங்கிச் செய்தி அதன்மேல் இன்னொரு சுமையை ஏற்றுகிறது; அந்த வசதியை அணைத்துவிடுங்கள். இப்படி எழுதிப் பாருங்கள்: "ராத்தா, போன கிழமை கதைக்கக் கிடைக்கவில்லை. விட்டதைப் பார்க்கத் தேவையில்லை. இந்தக் கிழமை இதிலிருந்து தொடங்குவோம்." இதை எழுத வேண்டுமானால் ஒவ்வோர் அமர்வும் முந்தியதைச் சாராமல் தனித்து நிற்க வேண்டும். அதைத் திட்டமிடும்போதே செய்துவிடுங்கள்; பிறகு வெட்டி ஒட்டுவது வீண்பாடு.

"இருந்து என்ன பயன்" என்று பேசிய ஒருவர் திடீரென்று மௌனமானால் செய்தி அனுப்பிக் காத்திருக்க வேண்டாம். உடனே அழையுங்கள், எடுக்கவில்லையென்றால், முதல் நாளே அவர் சம்மதத்துடன் வாங்கி வைத்த உறவினரின் இலக்கத்துக்கு அழையுங்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தையும், 1990 அம்புலன்ஸ் இலக்கத்தையும் ஆரம்பத்திலேயே எல்லோருக்கும் கொடுத்துவிடுங்கள்.

போனவர்கள் எல்லோரும் தோற்றவர்கள் அல்ல. நித்திரை திரும்பியது, நெஞ்சு படபடப்பு அடங்கியது, போதும் என்று நிறுத்தியவர்களும் உண்டு. அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு பதிவேட்டில் தனியாக எழுதுங்கள். ஆபத்து இல்லை என்று தெரிந்த ஒருவர் மூன்று செய்திகளுக்கும் பதில் தரவில்லையென்றால் நிறுத்திவிடுங்கள். துரத்தினால் இலக்கத்தையே தடை செய்துவிடுவார். உங்கள் இலக்கத்தை மட்டும் மாற்றாதீர்கள். ஆறு மாதம் கழித்து "மிஸ், இன்னும் நடக்கிறதா?" என்று எழுதுகிறவர்கள் அந்த இலக்கத்துக்குத்தான் எழுதுவார்கள்.