தனிம வரிசை அட்டவணை: எங்கே தடுக்கி விழுகிறோம்?

118 தனிமங்களையும் வரிசையாக ஒப்பித்துவிட்டால் அட்டவணை புரிந்துவிட்டதாக நினைப்பதுதான் முதல் தவறு. அப்படி ஒப்பிப்பவரிடம் 'சோடியத்துக்கு நேர் கீழே ஏன் பொட்டாசியம்?' என்று கேட்டுப் பாருங்கள், பலரும் விழிப்பார்கள். இரண்டுக்கும் வெளிக்கூட்டில் ஒரே ஓர் எலக்ட்ரான். அதனால்தான் இரண்டும் தண்ணீர் பட்டால் சீறுகின்றன. மேலிருந்து கீழே போகும் தொகுதி இப்படிப்பட்ட குணச் சொந்தம். இடமிருந்து வலமாகப் போகும் தொடரில் அந்தச் சொந்தம் கிடையாது.

அடுத்தது, அணு நிறைப்படிதான் அடுக்கியிருக்கிறார்கள் என்ற எண்ணம். 1869-இல் இந்த அட்டவணையை வகுத்த ரஷ்ய வேதியியலாளர் மெண்டலீவ் அப்படித்தான் தொடங்கினார். ஆனால் டெல்லூரியத்தின் நிறை 127.6, அயோடினுடையது 126.9. நிறையை மட்டும் பார்த்தால் அயோடின் முந்திக்கொண்டு கந்தகத்தின் தொகுதியில் போய் உட்கார்ந்துவிடும். குணத்திலோ அது குளோரின், புரோமின் கூட்டத்தைச் சேர்ந்தது. மெண்டலீவ் குணத்தை நம்பி இரண்டையும் இடம் மாற்றினார். டெல்லூரியத்தின் நிறையைத்தான் யாரோ தப்பாக அளந்துவிட்டார்கள் என்று நினைத்தார். (இடம் சரி, காரணம் தப்பு!) உண்மையில் டெல்லூரியத்தில் நியூட்ரான் மிகுந்த கனமான ஐசோடோப்புகள் (அதே தனிமத்தின், நியூட்ரான் எண்ணிக்கை மட்டும் மாறும் அணு வகைகள்) அதிகம், அவ்வளவுதான். 1913-இல் ஹென்றி மோஸ்லே எக்ஸ் கதிர் ஆய்வால் அணு எண்ணே, அதாவது கருவிலுள்ள புரோட்டான்களின் எண்ணிக்கையே, அடிப்படை என்று காட்டினார். டெல்லூரியம் 52, அயோடின் 53. சிக்கல் தீர்ந்தது.

எலக்ட்ரான் கூடினால் அணுவும் பெருக்கும் என்று எழுதி மதிப்பெண் இழப்பவர்கள் ஏராளம். ஒரே தொடரில் நடப்பது நேர்மாறு. சோடியத்திலிருந்து குளோரின் வரை எலக்ட்ரான்கள் அதே மூன்றாம் கூட்டில்தான் சேர்கின்றன. புரோட்டான்களோ 11-லிருந்து 17 ஆகின்றன. இழுவை கூடுவதால் அணு சுருங்குகிறது. தொகுதியில் கீழே இறங்கும்போது புதுக் கூடு சேர்வதால் பெருக்கிறது.

மூன்றாம் கூட்டில் 18 எலக்ட்ரான்கள் கொள்ளும், மூன்றாம் தொடரில் மட்டும் ஏன் 8 தனிமங்கள்? பொட்டாசியத்தின் 19-ஆவது எலக்ட்ரான் மூன்றாம் கூட்டின் உட்கூடான 3டி-யை விட்டுவிட்டு, ஆற்றல் குறைந்த, நான்காம் கூட்டின் உட்கூடான 4எஸ்-க்குப் போய்விடுகிறது. உடனே நான்காம் தொடர் தொடங்கிவிடுகிறது. 3டி நிரம்பத் தொடங்குவது ஸ்காண்டியத்தில்தான்.

அடியில் தனியாக நிற்கும் இரண்டு வரிசைகள் தனித் தொடர்கள் அல்ல. தாளில் அகலம் போதாததால் ஆறு, ஏழாம் தொடர்களிலிருந்து எடுத்துக் கீழே வைத்தவை. அப்புறம் ஹைட்ரஜன்: முதல் தொகுதியில் இருப்பதாலேயே அது சோடியம், பொட்டாசியம் போல கார உலோகம் ஆகிவிடாது. ஹீலியத்துக்கு இரண்டே எலக்ட்ரான் என்றாலும், கூடு நிரம்பிவிட்டதால் 18-ஆம் தொகுதியில் நியானுக்கு மேலே நிற்கிறது.