வளைவில் ரயில் அதிர்கிறதா? ஜல்லியைத் தொடும் முன் நூலைப் பிடியுங்கள்

வளைவில் அதிர்வு என்றதுமே ஜல்லியை இறுக்குவார்கள், தண்டவாளத்துக்கு அடியிலுள்ள ரப்பர் பேடை மாற்றுவார்கள். வளைவின் வடிவமே கோணலாக இருந்தால் இந்த உழைப்பு வீண். எனக்கு இதில்தான் அதிக ஆதங்கம்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, வேகமான ரயிலை மட்டும் மனதில் வைத்து கேண்டை முடிவு செய்வது. வெளித் தண்டவாளத்தை உள் தண்டவாளத்தைவிட எவ்வளவு உயர்த்துகிறோம் என்பதுதான் கேண்ட். நம் அகலப்பாதையில் 875 மீட்டர் ஆரமுள்ள ஒரு வளைவை எடுத்துக்கொள்வோம். 100 கி.மீ. வேகத்துக்குச் சமநிலை கேண்ட், அதாவது இரு தண்டவாளத்திலும் பாரம் சமமாக விழத் தேவையான உயரம், சுமார் 157 மி.மீ.; 50 கி.மீ.யில் ஊர்ந்து வரும் சரக்கு ரயிலுக்கோ 39 போதும். 157 வைத்துவிட்டால் சரக்கு ரயிலுக்கு 118 மி.மீ. மிகை. விதிப்படி 75-ஐத் தாண்டக்கூடாது. பாரம் உள்பக்கம் சாய்ந்து அந்தத் தண்டவாளம் நசுங்கும், மேலே அலை அலையாகத் தேயும், அப்புறம் எந்த ரயில் போனாலும் அதிரும். 100 மி.மீ. வைத்துப் பாருங்கள்: வேக ரயிலுக்குக் குறை 57, சரக்கு ரயிலுக்கு மிகை 61. இரண்டுமே 75-க்குள் அடங்கிவிடும்.

அடுத்த தவறு, குலுங்கும் இடத்தில் மட்டும் தடத்தை நகர்த்துவது. 20 மீட்டர் நூலின் இரு முனைகளையும் தண்டவாளத்தில் வைத்து இழுத்துப் பிடித்தால், நடுவில் நூலுக்கும் தண்டவாளத்துக்கும் உள்ள இடைவெளிதான் வெர்சைன். மேலே சொன்ன வளைவில் அது 57 மி.மீ. வரவேண்டும். ஓரிடத்தில் 70 வந்தது என்று 13 மி.மீ. உள்ளே தள்ளினால், 10 மீட்டர் தள்ளியுள்ள இருபக்கப் புள்ளிகளிலும் ஆறரை மி.மீ. கூடிவிடும். குலுக்கல் இடம் மாறுமே தவிரப் போகாது. முழு வளைவையும் அளந்த பிறகே கை வைக்க வேண்டும். நேர்பாதையிலிருந்து வளைவுக்குள் நுழையும் பகுதியை விட்டுவிடாதீர்கள். அங்கே கேண்டும் வளைவும் சேர்ந்தே படிப்படியாக ஏறாவிட்டால் பெட்டி ஒருபக்கம் வெட்டி இழுக்கும்.

தேய்மானம் குறையப் பூசும் கிரீஸ் வெளித் தண்டவாளத்தின் உள்பக்கவாட்டுக்கு மட்டும்தான். மேல்பரப்பில் வழிந்தால் சக்கரம் வழுக்கும், பிரேக் பிடிக்காது.

அலைத் தேய்மானத்தைக் கிரைண்டிங் செய்து எடுக்கலாம், எடுக்கவும் வேண்டும். ஆனால் கேண்டைத் திருத்தாமல் செய்தால் அது மறுபடி வந்துவிடும். தடத்தில் ரயில்களின் வேகம் மாறும்போதெல்லாம் கேண்ட் கணக்கைப் புதிதாகப் போட்டுப் பாருங்கள்.