முகூர்த்தத்துக்கு முன்பே தொடங்கும் பிழைகள்: திருமணப் படமெடுப்பில் தவிர்க்க வேண்டியவை

திருமணப் புகைப்படம் கெட்டுப்போவதற்குக் கேமராவின் விலை காரணமாக இருப்பது அரிது. அடுத்து என்ன நடக்கப்போகிறது என்பதைப் படமெடுப்பவர் அறியாமல் இருப்பதே பெரும்பாலும் காரணம். இன்றைய கேமராக்கள் குவியத்தையும் (ஃபோகஸ்) ஒளியளவையும் ஓரளவு தாமே சரிசெய்துகொள்கின்றன. ஆனால், நாத்தனார் எந்தப் பக்கம் வந்து நிற்பார், மாலை மாற்றும்போது தாய்மாமன்கள் தோளில் தூக்குவார்களா என்பதை எந்தக் கேமராவும் சொல்லாது. இத்தொழிலில் புதிதாக இறங்குபவர்களின் தவறுகளில் பெரும்பாலானவை இந்த ஒரு குறையிலிருந்தே கிளைக்கின்றன என்பது என் கருத்து.

கல்யாணம் என்றாலே ஒரே வரிசையில் ஒரே சடங்குகள்தாம் என்று எண்ணிக்கொண்டு மண்டபத்துக்குள் நுழைவது முதல் தவறு. ஐயர் வீட்டுத் திருமணத்தில் மணமகள் தந்தையின் மடியில் அமர்ந்திருக்க, மணமகன் எதிரே நின்று தாலி கட்டுவார். வேறு பல சமூகங்களில் இருவரும் மணையில் அருகருகே அமர்ந்திருப்பார்கள். இரண்டுக்கும் நிற்க வேண்டிய இடம் வேறு. சுயமரியாதைத் திருமணத்தில் தாலியே இல்லாமலும் போகலாம். 1967ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுத் திருத்தத்தால் இந்துத் திருமணச் சட்டத்தில் சேர்ந்த 7-ஏ பிரிவின்படி, உற்றார் முன்னிலையில் இருவரும் மாலை மாற்றிக்கொண்டாலோ மோதிரம் அணிவித்துக்கொண்டாலோ அதுவே திருமணம். அங்கே, ‘தாலி கட்டும்போது எடுத்துக்கொள்ளலாம்’ என்று லென்ஸ் மாற்றிக்கொண்டிருப்பவர் திருமணத்தையே தவறவிட்டுவிடுவார். ஆகவே, முன்பணம் வாங்கும் நாளிலேயே வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் அமர்ந்து, என்னென்ன நடக்கும், எங்கே நடக்கும், எந்த நேரத்தில் நடக்கும் என்று கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். காசி யாத்திரை மண்டப வாசலில் நடக்கும் என்பது தெரியாததால், குடையும் விசிறியும் கைத்தடியுமாக மாப்பிள்ளை புறப்படும் நேரத்தில் பந்தியில் பொங்கலுக்குக் காத்திருக்கும் புகைப்படக்காரர்கள் உண்டு. காலைச் சிற்றுண்டிக்கும் அந்தச் சடங்குக்கும் ஏனோ எப்போதும் ஒரே நேரம்தான்.

தாலி கட்டும் கணம் சில நொடிகளில் முடிந்துவிடுகிறது என்பது உண்மைதான். ஆனால் அது திடீரென்று வருவதில்லை. பல திருமணங்களில் மாங்கல்யத்தைத் தேங்காயின் மீது வைத்துத் தட்டில் ஏந்தி, பெரியவர்களின் ஆசிக்காக அவையில் சுற்றிவரச் செய்வார்கள். அந்தச் சில நிமிடங்கள் புகைப்படக்காரருக்குக் கிடைக்கும் முன்னறிவிப்பு: பேட்டரியையும் நினைவக அட்டையையும் மாற்றுவதற்கும், இடம் பிடிப்பதற்கும், வீடியோக்காரருடன் யார் எந்தப் பக்கம் என்று பேசி முடிப்பதற்கும் உரிய நேரம் அதுதான். அதைத் தட்டின் படங்களை அளவுக்கு மீறி எடுப்பதில் செலவழித்துவிட்டு, கெட்டி மேளம் ஒலிக்கும்போது அட்டை நிறைந்துவிட்டது என்று தவிப்பது தவிர்க்கக்கூடிய தவறு. அட்சதை பறக்கத் தொடங்கியதும் தானியங்கிக் குவியம் முகத்தை விட்டுவிட்டுக் குறுக்கே பறக்கும் அரிசியைப் பற்றிக்கொள்ளும் என்பதால், குவியப் பரப்பைச் சுருக்கி மணமகளின் முகத்தில் முன்பே நிறுத்திவிடுவது நல்லது. முதல் முடிச்சு விழுந்ததும் கேமராவைத் தாழ்த்திவிடுவதும் தவறு. பல குடும்பங்களில் மற்ற முடிச்சுகளை மணமகனின் சகோதரி போடுவார், அந்தப் படத்தை அவர் நிச்சயமாகக் கேட்பார். இரண்டு பேர் படமெடுப்பதாயின் ஒருவர் தம்பதியையும் மற்றவர் பெற்றோரின் முகங்களையும் பார்த்திருக்க வேண்டும்; இருவரும் ஒரே முடிச்சை ஒரே கோணத்தில் எடுப்பதால் பயனில்லை.

அதே நேரத்தில், அவையோரின் பார்வையை முழுவதுமாக மறைத்துக்கொண்டு மேடையில் நிற்பதும், ‘சாமி, கொஞ்சம் நிறுத்துங்க, இன்னொரு தடவை’ என்று புரோகிதரிடம் சொல்வதும் முறையல்ல. தொலைவிலிருந்து எடுக்க 70–200 மி.மீ. லென்ஸும், தாழ்ந்து அமர்ந்து எடுக்கும் பழக்கமும் இருந்தால் இச்சிக்கலில் பாதி தீர்ந்துவிடும்.

அடுத்து ஒளி. மண்டபத்தில் மஞ்சள் அலங்கார விளக்கு, வெண்ணிறக் குழல்விளக்கு, வீடியோக்காரரின் எல்.இ.டி., மேடைக்குப் பின்னால் ஒளிரும் எல்.இ.டி. திரை என்று பலவகை ஒளிகள் ஒன்றாகக் கலந்திருக்கும். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மலிவான விளக்குகள் நொடிக்கு 100 முறை மின்னி மங்குகின்றன. கண் அதை உணராது, வேகமான ஷட்டர் உணர்ந்துவிடும். ஓசையில்லாத மின்னணு ஷட்டரைப் பயன்படுத்தினால் படத்தில் பட்டை பட்டையாகக் கோடுகள் விழுவது இதனால்தான். அத்தகைய மேடையில் இயந்திர ஷட்டரையும் நொடியில் 1/50 அல்லது 1/100 பங்கு வேகத்தையும் வைத்து, முந்தைய நாள் வரவேற்பின்போதே சோதித்துப் பார்த்துவிட வேண்டும். ஃபிளாஷை நேராக முகத்தில் அடித்தால் பட்டுச் சரிகை வெள்ளைப் புள்ளிகளாக வெடிக்கும், ஹோமப் புகை வெண்திரையாக நிற்கும். கூரையில் பட்டுத் திரும்பும்படி அடிக்கலாம் என்று பாடத்தில் படித்ததை அப்படியே செய்தால், மேலே கட்டியிருக்கும் சிவப்புத் துணியின் நிறம் எல்லாருடைய முகத்திலும் இறங்கிவிடும். ஃபிளாஷைத் தாங்கியில் பொருத்தி, வெண்குடை வழியாகப் பக்கவாட்டிலிருந்து விழச் செய்வதே பெரும்பாலான மண்டபங்களுக்குப் பொருந்துகிறது.

நிறத்தில் நிகழும் தவறுகளைப் பலர் தவறாகவே கருதுவதில்லை. அரக்கு நிறக் காஞ்சிப் பட்டை எடுக்கும்போது மொத்த ஒளியளவு சரியாக இருப்பதாகக் கேமரா காட்டினாலும் சிவப்பு மட்டும் எல்லை மீறியிருக்கலாம். அப்போது புடவையின் மடிப்புகள் மறைந்து, ஒரே சிவப்புத் தகடாகத் தெரியும். சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றைத் தனித்தனியே காட்டும் வரைபடத்தைப் பார்க்கப் பழக வேண்டும். வெள்ளை வேட்டி படச்சட்டத்தை (ஃபிரேம்) நிறைக்கும்போது கேமரா படத்தை இருளாக்கும், கரும்பச்சைப் புடவை நிறைக்கும்போது தேவைக்கு மேல் வெளிறச் செய்யும் என்பதால், பதிந்ததைத் திருத்தாமல் அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பாக எடுப்பதும் முகத்தை வைத்து அளவிடுவதும் இன்றியமையாதவை. நலங்கின்போது வெள்ளைச் சமநிலையை, அதாவது ஒளிக்கேற்ப நிறத்தைச் சரிசெய்யும் அமைப்பை, தானியங்கியில் விட்டால், கேமரா மஞ்சளைக் குறையாக எண்ணிக் கழுவிவிடும். இவற்றையெல்லாம் விட மோசமானது, திருத்தும்போது தோலின் நிறத்தையே வெளுக்கச் செய்வது. கேட்காமலேயே இதைச் செய்பவர்கள் இருக்கிறார்கள். மாநிறப் பெண்ணைச் சாம்பல் பூசியதுபோல் ஆக்கி ஆல்பத்தில் ஒட்டினால், பத்து ஆண்டுகள் கழித்து அவருடைய குழந்தை ‘இது யார்’ என்று கேட்கும். வீட்டாரே வெளுக்கச் சொன்னாலும், ஒரு படத்தை இரு விதமாகவும் அச்சிட்டு மணமக்களிடமே காட்டி முடிவெடுக்கச் செய்யலாம்; எடுத்த நிறமே அழகென்று பெரும்பாலோர் ஒப்புக்கொள்வார்கள்.

பின்னணி மங்கலாக வேண்டும் என்னும் ஆசையில் லென்ஸின் துளையை எஃப் 1.4 அளவுக்கு அகலத் திறந்து இருவரை எடுத்தால், ஒருவர் கண் தெளிவாகவும் மற்றவர் முகம் மங்கலாகவும் வரும், இருவருக்கு 2.8 முதல் 4 வரையும், குடும்பப் படத்துக்கு 5.6 அல்லது 8உம் தகும். அகன்ற லென்ஸின் ஓரத்தில் நிற்பவர் அகலமாகத் தெரிவார் என்பதால், ஓரத்தில் அத்தையை நிறுத்திவிட்டுப் பிறகு வருந்தக் கூடாது. இரு வீட்டிலிருந்தும் உறவுகளை அடையாளம் காட்ட ஒவ்வொருவரைக் கேட்டு வாங்கிக்கொள்வதும் பட்டியல் வைத்திருப்பதும் நல்லது. கணவரை இழந்த தாயோ பாட்டியோ சடங்குகளில் பின்னுக்குத் தள்ளப்படும் வீடுகள் இன்னும் உள்ளன. அவர்களை மணமக்களுடன் தனியாக ஒரு படம் எடுத்துவைக்க யாரும் சொல்ல வேண்டியதில்லை.

நிச்சயதார்த்தத்தைச் சிறிய நிகழ்ச்சியாகக் கருதி, மோதிரம் மாற்றுவதை மட்டும் எடுத்துவிட்டுத் திரும்புவோர் உண்டு. அங்கே லக்னப் பத்திரிகை வாசிப்பதும் தட்டு மாற்றுவதுமே நிச்சயம். இரு வீட்டுப் பெரியவர்களின் கைகள் ஒரே தட்டில் இருக்கும் படமே அந்நாளின் முதன்மைப் படம். மாப்பிள்ளை வீட்டார் தந்த புடவையை மணமகள் மாற்றிக்கொண்டு வருவதற்கு எடுக்கும் நேரத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். பெரியவர்கள் பார்த்து முடித்த சம்பந்தமாயின் இருவரும் நேரில் சிலமுறையே பேசியிருப்பார்கள். அவர்களை எடுத்த எடுப்பிலேயே ‘கட்டிப்பிடிங்க, நெற்றியோடு நெற்றி வையுங்க’ என்று ஏவினால், கூச்சம் தோளில் விறைப்பாகத் தெரியும். சேர்ந்து நடக்கச் சொல்லி, எதையாவது பேசச் சொல்லித் தொலைவிலிருந்து எடுத்தால் அவர்களுக்கு இயல்பான நெருக்கம் எவ்வளவோ அவ்வளவு மட்டும் படத்தில் வரும், அது போதும்.

திருமணத்துக்கு முந்தைய வெளிப்புறப் படப்பிடிப்பில், சென்னை, மாமல்லபுரம் கடற்கரைகளில் ‘மாலைச் சூரியன் கடலில் இறங்கும்போது எடுக்கலாம்’ என்று வாக்களிப்பது வேடிக்கையான பிழை. கிழக்குக் கரையில் சூரியன் கடலில் உதிக்கிறதேயன்றி மறைவதில்லை. அங்கே பொன்னொளி வேண்டுமானால் விடியலில் நிற்க வேண்டும். உச்சி வெயிலில் கண்குழிகள் கருத்துவிடும் என்பதால் காலை பத்து மணி முதல் நான்கு வரை நிழலைத் தேடுவதே வழி. மாமல்லபுரத்துச் சின்னங்கள் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை. முக்காலியுடன் படமெடுக்க அங்கே முன்அனுமதி தேவை. ட்ரோனுக்கு 2021ஆம் ஆண்டின் விதிகள் உண்டு. தொழிலுக்காகப் பறக்கவிடும் ட்ரோன் 250 கிராமுக்கு மேற்பட்டதாயின் இயக்குபவரிடம் சான்றிதழ் இருக்க வேண்டும். தண்டவாளத்தில் நின்று படமெடுப்பது ரயில்வே சட்டத்தின் 147ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறைத்தண்டனைக்குரிய அத்துமீறல் என்பது ஒருபுறமிருக்க, அதில் உயிரே போகலாம்.

வேலை முடிந்த பின் நிகழும் தவறுகளே வழக்குவரை போகின்றன. இரண்டு அட்டைகளிலும் ஒரே நேரத்தில் பதிவாகும் வசதி இருந்தும் பயன்படுத்தாமல் இருப்பதும், இரண்டு வன்தட்டுகளில் படியெடுத்துச் சரிபார்ப்பதற்கு முன்பே அட்டையை அழிப்பதும் மன்னிக்க முடியாதவை; முகூர்த்தத்தைத் திரும்ப நடத்த இயலாது. படங்களின் உரிமை தம்முடையதே என்று பல புகைப்படக்காரர்கள் நம்புகிறார்கள். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 17ஆம் பிரிவில், ஒருவர் கேட்டுக்கொண்டதற்கிணங்கப் பணம் பெற்று எடுத்த புகைப்படத்துக்கு, மாறான ஒப்பந்தம் இல்லாதவரை, கேட்டுக்கொண்டவரே முதல் உரிமையாளர் என்கிறது. ஆகவே, மணமகளின் படத்தை விளம்பரத்துக்காக இன்ஸ்டாகிராமில் இடுவதற்கு எழுத்துவழி ஒப்புதல் வேண்டும். அந்தத் தாளிலேயே, எத்தனை படங்கள் திருத்தித் தரப்படும், ஆல்பம் எந்தத் தேதிக்குள் வரும், மூலக் கோப்புகள் எத்தனை மாதம் பாதுகாக்கப்படும், நேரம் நீண்டால் கூடுதல் தொகை எவ்வளவு என்பவற்றையும் எழுதி இரு தரப்பும் கையெழுத்திட்டுவிட வேண்டும்.