பள்ளி மானியத்தில் எழுத்துக்கும் எண்ணுக்கும் பங்கு ஒதுக்குவது எப்படி

ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டப் (சமக்ர சிக்ஷா) பணம் விண்ணப்பம் எழுதிப் போட்டு வருவதில்லை. தலையை எண்ணி வருகிறது. எத்தனை பிள்ளைகள், எந்த வகுப்பு வரை என்று முந்தைய ஆண்டில் நீங்கள் பதிந்த கணக்குதான் இந்த ஆண்டின் மானியம். தொடக்கப் பள்ளித் தலைமை ஆசிரியரும் பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவரும் மெனக்கெட வேண்டிய இடங்கள் நான்கு: பதிவு, திட்டம், தீர்மானம், பில். பணம் வந்த பிறகு யோசித்துக்கொள்ளலாம் என்று இருந்தால், அது சுண்ணாம்பிலும் குழாயிலும் கரைந்துவிடும். எழுத்துக்கும் எண்ணுக்கும் ஒன்றும் மிஞ்சாது.

முதலில் எந்தத் தலைப்பில் என்ன வருகிறது என்று பார்ப்போம். தொகுப்புப் பள்ளி மானியம் மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்தது. திட்ட நெறிமுறைப்படி 30 பேர் வரை 10,000 ரூபாய், 31 முதல் 100 வரை 25,000, 101 முதல் 250 வரை 50,000, 251 முதல் 1,000 வரை 75,000, அதற்கு மேல் ஒரு லட்சம். இவை அதிகபட்ச வரம்புகள். இதில் குறைந்தது 10 விழுக்காடு தூய்மைப் பணிக்குப் போக வேண்டும். நூலக மானியம் தொடக்கப் பள்ளிக்கு 5,000 வரை, எட்டாம் வகுப்பு வரை உள்ள பள்ளிக்கு 13,000 வரை. இவை அரசுப் பள்ளிகளுக்கு மட்டுமே. உதவி பெறும் பள்ளிகள் இந்தக் கணக்கில் வரா.

மூன்றாவது தலைப்பில்தான் பலரும் குழம்புகிறார்கள். 2021 ஜூலை 5 அன்று தொடங்கிய நிபுண் பாரத் திட்டத்தின்கீழ் அடிப்படை எழுத்தறிவு, எண்ணறிவுக்குப் பிள்ளை ஒன்றுக்கு ஆண்டுக்கு 500 ரூபாய் வரை கற்றல் கற்பித்தல் பொருளுக்கும், ஆசிரியர் ஒருவருக்கு 150 ரூபாய் கையேட்டுக்கும் உண்டு. 40 பிள்ளைகள் இருந்தால் 20,000 வர வேண்டுமே, எங்கே என்று கேட்காதீர்கள். அது உங்கள் கணக்குக்குப் பணமாக வரும் என்று எதிர்பார்க்கக் கூடாது. தமிழ்நாட்டில் 2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தின் அரும்பு, மொட்டு, மலர் எனக் கற்றல் நிலைவாரியான பயிற்சி நூல்களும் ஆசிரியர் கையேடுகளும் மாநில அளவில் அச்சாகித்தான் பள்ளிக்கு வருகின்றன. ஆகவே நீங்கள் கையால் செலவிடக்கூடியவை முதல் இரண்டு தலைப்புகள்தான்.

செப்டம்பர் 30

ஒன்றிய அரசின் பள்ளிப் புள்ளிவிவரத் தளமான யுடைஸ் பிளஸ் பதிவுக்கு அடிப்படை நாள் செப்டம்பர் 30. அன்று பள்ளியில் இருக்கும் பிள்ளைகளே கணக்கு. 31 பேர் படிக்கும் பள்ளியில் ஒரு பிள்ளையின் பதிவு பழைய பள்ளியிலேயே தங்கிவிட்டால் எண்ணிக்கை 30 ஆகும். இழப்பு 15,000 ரூபாய். 101 பேர் படிக்கும் பள்ளியில் அதே தவறுக்கு 25,000. ஆகஸ்ட் கடைசி வாரத்தில் வருகைப் பதிவேட்டையும் மாநிலக் கல்வித் துறை இணையதளமான எமிஸின் பட்டியலையும் பெயர் பெயராக ஒப்பிடுங்கள். இடம்பெயர்ந்து வந்த குடும்பத்துப் பிள்ளை, மாற்றுச் சான்றிதழ் இல்லாமல் சேர்ந்த பிள்ளை, பழைய பள்ளி இன்னும் எமிஸில் பொதுத் தொகுப்புக்கு (வேறு பள்ளி சேர்த்துக்கொள்ளும் பட்டியலுக்கு) விடுவிக்காத பிள்ளை: சிக்கல் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றாக இருக்கும். பழைய பள்ளித் தலைமை ஆசிரியரிடம் தொலைபேசியில் கேட்டாலே பாதி தீர்ந்துவிடும். மீதியை வட்டார வளமையத்தில் சொல்லித் தீர்க்கலாம்.

எல்லைக்குக் கொஞ்சம் கீழே இருக்கும் பள்ளிக்கு இரண்டு பெயரைச் சேர்த்துக் காட்டும் ஆசை வரும். வேண்டாம். இப்போது பதிவு பிள்ளை வாரியாக, தனி எண்ணோடு போகிறது. ஒரே பிள்ளை இரண்டு பள்ளியில் இருந்தால் கணினியே காட்டிக் கொடுத்துவிடும்.

திட்டத்தில் எதை எழுதுவது

கல்வி உரிமைச் சட்டத்தின் 22ஆம் பிரிவு பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிக்கும் பொறுப்பை மேலாண்மைக் குழுவிடம் தருகிறது. பெரும்பாலான திட்டங்களில் சுற்றுச்சுவர், கழிப்பறை, மேற்கூரை என்று கட்டடம் மட்டுமே இருக்கும். அவையும் தேவைதான். ஆனால் வாசிப்பும் கணக்கும் ஒரு வரியாவது இல்லாத திட்டத்தை வைத்துக்கொண்டு, மானியம் வந்ததும் வாசிப்பு அட்டை வாங்கத் தீர்மானம் போட்டால் குழுவிலேயே கேள்வி எழும்.

அந்த வரியைக் கணக்கோடு எழுதுங்கள். "மாணவர் கற்றல் திறனை மேம்படுத்துதல்" என்று எழுதினால் யாருக்கும் பயனில்லை. ஒரு வாரம் ஒதுக்கி, ஒவ்வொரு பிள்ளையையும் தனியே உட்கார வைத்துப் பாருங்கள். ஆளுக்கு ஐந்து நிமிடம் போதும். ஓர் எழுத்து அட்டை, பத்துச் சொற்கள், நான்கு வரிப் பத்தி, இரண்டிலக்கக் கூட்டல், கடன் வாங்கிக் கழித்தல். நிபுண் பாரத்தின் இலக்கு ஒன்றாம் வகுப்புக்கு 99 வரை, இரண்டாம் வகுப்புக்கு 999 வரை, மூன்றாம் வகுப்புக்கு 9,999 வரை எண்ணை வாசித்து எழுதுவது. மூன்றாம் வகுப்புப் பிள்ளை நிமிடத்துக்குக் குறைந்தது 60 சொல்லைப் பொருள் புரிந்து வாசிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. விகுதியும் உருபும் ஒட்டி நீளும் நம் சொற்களுக்கு இந்த 60 கடுமையான அளவு. வேகத்தை மட்டும் பார்த்துப் பிள்ளையை மதிப்பிடாமல், வாசித்ததும் இரண்டு கேள்வி கேளுங்கள்.

விடைகளை எண்ணினால் திட்ட வரி தானே வந்துவிடும்: "மூன்றாம் வகுப்பில் 14 பேரில் 6 பேர் ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு வேறுபாடு அறியாமல் கெ, கே மாற்றி வாசிக்கின்றனர்; 8 பேர் மூன்றிலக்க எண்ணில் நடுச் சுழியத்தைத் தவறாக எழுதுகின்றனர்." இப்படி எழுதிய திட்டத்தை யாரும் தட்டிக்கழிக்க முடியாது. என்ன வாங்க வேண்டும் என்பதையும் அந்த வரியே சொல்லிவிடும்.

10,500 ரூபாயில் என்ன வாங்கலாம்

46 பிள்ளைகள், இரண்டு ஆசிரியர்கள் உள்ள பள்ளி ஒன்றை எடுத்துக்கொள்வோம். தொகுப்பு மானியம் 25,000. தூய்மைக்கு 2,500, பழுது பார்க்க 7,500, காகிதம், பதிவேடு, அச்சு மைக்கு 4,500, மாதாந்தரக் கட்டணங்களுக்கு 5,000 போக மிஞ்சுவது 5,500. நூலகத்துக்கு 5,000. மொத்தம் 10,500. பெரிய தொகை இல்லை. அதனால் பிள்ளை கையில் எடுத்துப் புரட்டும் பொருளுக்கு மட்டும் செலவிடுங்கள். சுவரில் மாட்டும் பளபளப்பான அட்டவணை ஆய்வு அலுவலர் கண்ணுக்கு அழகாக இருக்கும். மூன்றாம் நாளே பிள்ளைகளுக்கு அது சுவராகிவிடும்.

247 எழுத்தும் அச்சிட்ட அட்டை வாங்குவது பொதுவான பிழை. பிள்ளை திணறுவது 247 இடத்தில் இல்லை, குறியீடுகளில். 18 மெய்யின் அகர வடிவங்களைத் தனி அட்டையாகவும், கால், கொம்பு, விசிறி போன்ற குறிகளைத் தனி அட்டையாகவும் வெட்டிக்கொண்டால் ஒட்டி ஒட்டிப் பார்க்கலாம். கொ, கோ, கௌ மூன்றும் இரு பக்கமும் குறி ஏற்பவை என்பது அட்டையை நகர்த்தும்போதுதான் பிடிபடும். கு, சு, டு என ஒவ்வொன்றும் உருமாறும் உகர, ஊகார வரிசைக்கு இந்த வழி உதவாது. அவற்றை முழு எழுத்தாகவே அச்சிடுங்கள். நான்கு பேர் குழுவுக்கு ஒரு தொகுதி. 300 ஜிஎஸ்எம் கெட்டி அட்டையில் அச்சிட்டு லேமினேஷன் செய்தபின் ஓரத்தில் 3 மில்லிமீட்டர் விட்டு வெட்டச் சொல்லுங்கள். எழுத்தை ஒட்டி வெட்டினால் உறை இரண்டே மாதத்தில் பிரிந்துவிடும்.

எண்ணுக்கு 1,000 ஐஸ் குச்சியும் ஒரு பொட்டலம் ரப்பர் வளையமும் வாங்குங்கள். பத்துப் பத்தாகக் கட்டி, பத்துக் கட்டைச் சேர்த்து நூறாகக் கட்டிய பிள்ளைக்கு, கழித்தலில் கடன் வாங்குவது என்றால் கட்டை அவிழ்ப்பதுதான் என்று சொல்லித்தர வேண்டியதில்லை. இடமதிப்பு அட்டையில் 300, 40, 5 என்று ஒன்றன்மேல் ஒன்று அடுக்கும் வகையைத் தேர்ந்தெடுங்கள். முந்நூற்று ஐந்தை 3005 என்று எழுதும் பிள்ளைக்கு அதுதான் மருந்து. 90, 900 ஆகிய இரண்டுக்கும் கூடுதல் அட்டை வையுங்கள். தொண்ணூறு என்ற சொல்லில் நூறும் தொள்ளாயிரத்தில் ஆயிரமும் காதில் விழுவதால், கேட்டு எழுதும்போது பிள்ளை அடுத்த இலக்கத்துக்குத் தாவிவிடும்.

நூலகப் பணத்தில் 8 முதல் 16 பக்கம் வரை, பக்கத்துக்கு ஒன்றிரண்டு வரி உள்ள புத்தகம். விலை 50 ரூபாய் சுற்றளவில் கிடைத்தால் நூறு பிரதி வரும். ஒரே தலைப்பில் நான்கு பிரதி வாங்கினால் குழுவாக வாசிக்கலாம். வாசிப்பு இயக்கத்தின் நுழை, நட, ஓடு, பற புத்தகங்கள் பள்ளியில் ஏற்கெனவே இருந்தால், எந்தப் படியில் குறைவோ அதற்கு மட்டும் வாங்குங்கள். சில ஆண்டுகளில் நூலக மானியம் பணமாக வராமல் புத்தகமாகவே வந்து இறங்கும். அதனால் செயல்முறைகள் எனப்படும் துறை உத்தரவுக் கடிதம் வராமல் கடையில் சொல்லி வைக்காதீர்கள்.

தீர்மானம், பில், பணம்

தேதி வரிசைதான் எல்லாம். மாநிலத் திட்ட இயக்குநரின் செயல்முறைகள், அதன்பின் குழுத் தீர்மானம், அதன்பின் விலைப்புள்ளி, பொருள், பில், இருப்புப் பதிவேடு, கடைசியாகப் பணம். பில் தேதி தீர்மானத் தேதிக்கு முந்தியிருந்தால் தணிக்கையில் அந்தத் தொகை ஏற்கப்படாமல் நிற்கும். தீர்மானத்தை இப்படி எழுதலாம்: "தொகுப்புப் பள்ளி மானியத்திலிருந்து, தமிழ் எழுத்து அட்டைத் தொகுதி 12, இடமதிப்பு அட்டைத் தொகுதி 12, குச்சி 1,000 ஆகியவற்றை 5,500 ரூபாய்க்கு மிகாமல், மூன்று விலைப்புள்ளி பெற்றுக் குறைந்த விலையில் வாங்க ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது." எண்ணிக்கையும் உச்சத் தொகையும் மானியத் தலைப்பும் இருக்க வேண்டும். குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். அன்றாட வேலையை விட்டு வருபவர்கள் என்பதால், கூட்ட நேரத்தை ஊர் வேலை முடியும் நேரத்தோடு பொருத்தினால் கூட்டம் செல்லத் தேவையான ஆள் எண்ணிக்கை கிடைக்கும். வீடு வீடாகப் பதிவேட்டைக் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்கும் பழக்கம் ஒருநாள் மாட்டிவிடும்.

பில் பள்ளியின் பெயரில் இருக்கட்டும், தலைமை ஆசிரியர் பெயரில் வேண்டாம். "கற்றல் உபகரணங்கள் - 5,400" என்ற ஒற்றை வரி பில்லை வாங்காதீர்கள். பொருள், எண்ணிக்கை, ஒன்றின் விலை தனித்தனியே வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் நோட்டுப் புத்தகம், பென்சில், அழிப்பான், நிலப்படம் ஆகியவற்றுக்கு ஜிஎஸ்டி இல்லை. கடைக்காரர் பழைய வரியைப் போட்டிருந்தால் திருத்தச் சொல்லுங்கள்.

பணம் பிஎஃப்எம்எஸ் என்ற ஒன்றிய அரசின் பொது நிதி மேலாண்மை இணையதளம் வழியாக நேராகக் கடைக்காரர் கணக்குக்குப் போகிறது. உங்கள் பள்ளிக் கணக்கில் தொகை தங்காது, செலவு வரம்பு மட்டுமே தெரியும். ஒருவர் பதிவிட, இன்னொருவர் ஒப்புதல் தர, பணம் செலுத்தும் தாளை அச்சிட்டு, கையெழுத்திட்டு வங்கியில் கொடுக்க வேண்டும். அந்தத் தாளுக்கு நாள் கெடு உண்டு. பையில் வைத்து மறந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். பணம் திரும்பி வருவதற்குப் பெரும்பாலும் காரணம் கடைக்காரரின் பழைய ஐஎஃப்எஸ்சி குறியீடு. வங்கிகள் இணைந்தபோது மாறிய குறியீட்டைப் பலர் இன்னும் ரசீதுப் புத்தகத்தில் மாற்றவில்லை. புதிய காசோலைத் தாளின் நகலைக் கேட்டு வாங்குங்கள்.

வரம்பு கண்ணில் படாமல் கடனுக்குப் பொருள் எடுக்கவே எடுக்காதீர்கள். 2024-25இல் ஒன்றிய அரசின் மாதிரிப் பள்ளித் திட்டமான பிஎம் ஸ்ரீயின் ஒப்பந்தத்தில் மாநிலம் கையெழுத்திடாததால் ஒன்றிய அரசு தமிழ்நாட்டுக்குத் தர வேண்டிய 2,152 கோடி ரூபாயை நிறுத்தி வைத்தது. இப்படி ஓர் ஆண்டு மறுபடி வந்தால் கடைக்காரர் வந்து நிற்பது தலைமை ஆசிரியர் வீட்டு வாசலில்தான். வரம்பு வந்துவிட்டாலோ, மார்ச் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள். அப்போது இணையதளம் திணறும், வங்கியில் கூட்டம் நிற்கும், மார்ச் 31 தாண்டினால் வரம்பு போய்விடும். பிப்ரவரி 15க்குள் கடைசிப் பில்லை அனுப்பிவிடும் பள்ளிகளுக்கு இந்த அலைச்சல் இல்லை.

பயன்பாட்டுச் சான்றிதழில் எழுதும் தொகை ரொக்கப் பதிவேட்டின் தொகையோடு ரூபாய்க்கு ரூபாய் ஒத்திருக்க வேண்டும். வங்கி திருப்பி அனுப்பிய தொகையைச் செலவாகவே விட்டுவிடுவதுதான் இங்கே நடக்கும் வழக்கமான பிழை. அட்டை, குச்சி போன்ற தேயும் பொருளையும் இருப்புப் பதிவேட்டில் ஏற்றிவிட்டு, ஆண்டிறுதியில் கிழிந்ததைக் குழுத் தீர்மானத்தோடு கழியுங்கள். கழிக்காமல் விட்டால், நீங்கள் மாறுதலில் போகும் நாளில் பொறுப்பேற்க வருபவர் 1,000 குச்சியையும் எண்ணிக் கேட்பார்.