நுரையீரல் அமிலாய்டு: சிடி பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் ஒரு முதுநிலை மாணவரின் ரிப்போர்ட்டில் "பழைய காசநோய்த் தழும்பு, மாற்றமில்லை" என்றிருந்தது. அமிலாய்டு (திசுக்களில் படியும் இயல்பற்ற புரதம்) முடிச்சைப் பார்த்து, இதே வரியை ஒரு காலத்தில் நானும் எழுதியிருக்கிறேன். ஸ்லைஸ் தடிமன் மாதிரியான விஷயங்கள் எல்லோருக்கும் தெரியும், அவற்றை விடுகிறேன்.

கடைசி சிடியோடு மட்டும் ஒப்பிடுவது

சுண்ணாம்பு படிந்த முடிச்சு என்றால் நம் ஊரில் முதலில் டி.பி. நினைவுக்கு வருவது இயல்புதான். அந்த அம்மாவுக்கு ஐம்பது வயதைத் தாண்டியிருக்கும். நுரையீரலின் கீழ்மடல்களில், ப்ளூராவை (நுரையீரல் உறையை) ஒட்டி நாலைந்து முடிச்சுகள். இரண்டில் சுண்ணாம்பு. முந்தைய வருட சிடியோடு வைத்துப் பார்த்தேன், அளவு அப்படியே இருந்தது. "பழைய டி.பி." என்று கையெழுத்துப் போட்டேன். அடுத்த வருடம் பார்த்தவர் என் ரிப்போர்ட்டை நம்பி அதையே எழுதினார்.

அப்புறம் ஒருநாள் அந்த அம்மாவின் பையிலிருந்த ஆறு வருடப் பழைய ஃபிலிமை எடுத்து மாட்டினோம். அன்று 8 மில்லிமீட்டர், இப்போது 19. அமிலாய்டு முடிச்சு அவ்வளவு மெதுவாகத்தான் வளரும். வருடத்துக்கு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கூடினால், அளவெடுப்பதில் வரும் பிழைக்குள்ளேயே அது மறைந்துவிடும். கையில் இருப்பதிலேயே மிகப் பழைய படத்தைக் கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்றுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை. முடிச்சுகளுக்கு நடுவே மெல்லிய சுவருள்ள சிஸ்டுகள் (காற்றுப் பைகள்) இருந்தன, நான் குறிப்பிடவே இல்லை. முடிச்சும் சிஸ்டும் சேர்ந்திருந்தால் ஷோகிரன் நோயை (கண்ணையும் வாயையும் வறளவைக்கும் தன்னெதிர்ப்பு நோய்) நினைக்க வேண்டும். கண் வறட்சி உண்டா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அவர் பல வருடமாகக் கண்ணுக்குச் சொட்டு மருந்து போட்டுவந்தார். இப்படிப்பட்டவர்களுக்கு நுரையீரலில் மால்ட் லிம்போமாவும் (ஒருவகை நிணநீர்ப் புற்றுநோய்) சேர்ந்து வரலாம் என்பதால், அந்தத் தாமதத்தைச் சின்ன விஷயமாக என்னால் நினைக்க முடியவில்லை.

பெட் சிடியில் ஒளிர்ந்தால் புற்றுநோய் என்று முடிப்பது

சர்க்கரையை அதிகம் உறிஞ்சும் இடம் பெட் சிடியில் ஒளிரும். அமிலாய்டும் ஒளிரலாம். பயாப்சியில் காங்கோ ரெட் சாயமேற்றி, போலரைஸ்டு ஒளியில் ஆப்பிள் பச்சை தெரிந்தால்தான் உறுதி.

செப்டம் (நுரையீரலுக்குள் உள்ள மெல்லிய தடுப்பு) தடித்திருந்தால் நீர்க்கோப்பு என்று எழுதுவது

நீர் பிரியும் மருந்து கொடுத்தும் தடிப்பு குறையவில்லை, கூடவே நுண்முடிச்சுகளும் இருக்கின்றன என்றால், உடல் முழுக்கப் பரவும் ஏ.எல். அமிலாய்டோசிஸை (எதிர்ப்புப் புரதத்தின் துண்டுகள் உறுப்புகளில் படியும் நோய்) தேடுங்கள். இதயமும் பாதிக்கப்பட்டிருக்கலாம், எக்கோ கேளுங்கள். இதயம் பழுதானால் நிஜமான நீர்க்கோப்பும் கூடவே வரும், குழப்பமே அங்கேதான்.

மூச்சுக்குழலின் பின்சுவரை விட்டுவிடுவது

அமிலாய்டு அதையும் தடிக்க வைக்கும். இதே போல மூச்சுக்குழலைத் தடிக்க வைக்கும் ரிலாப்சிங் பாலிகாண்ட்ரைடிஸ் (குருத்தெலும்பு அழற்சி நோய்) குருத்தெலும்பு இல்லாத அந்தச் சுவரைத் தொடாது.