விடுமுறையில் பழங்காசு தேடும் முறை

விடுமுறைக்குச் சென்ற இடத்தில் மெட்டல் டிடெக்டரை இயக்கும் முன், நில உரிமையாளரின் அனுமதியை எழுத்தில் பெறுவதும், தொல்பொருள்கள் பற்றிய அந்நாட்டுச் சட்டத்தை அறிந்துகொள்வதும் கட்டாயம். பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடங்களில் தேடவே கூடாது.

கருவியின் கீழ்முனையில் உலோகத்தை உணரும் சுருளைத் தரைக்கு இணையாக, ஓரிரு சென்டிமீட்டர் உயரத்தில் பிடித்து, ஒவ்வொரு வீச்சும் முந்தைய வீச்சின் பாதியை மூடும்படி மெதுவாக நகர்த்த வேண்டும். ஈரமான உப்பு மணலில் ஒற்றை அலைவரிசைக் கருவிகள் வீணாக ஒலிக்கும். அங்கே, விட்டுவிட்டு மின்துடிப்புகளை அனுப்பித் தேடும் பல்ஸ் இண்டக்‌ஷன் வகை ஏற்றது.

இரு திசையிலும் ஒலி மாறாமல் கேட்டால், புல்தரையை மூன்று பக்கம் வெட்டி மூடிபோலத் திருப்பி, மண்ணைத் துணியில் குவித்துத் தோண்டலாம். கிடைத்த காசை விரலால்கூடத் தேய்க்காதீர்கள்: ஒட்டியிருக்கும் மணல் துகள்கள், இத்தனை காலம் மண் காத்துவைத்த எழுத்துகளைக் கீறிவிடும். இடத்தையும் ஆழத்தையும் குறித்துக்கொண்டு குழியை மூடிவிடுங்கள்.