பஞ்சிலிருந்து நூல்: வீட்டிலேயே தக்களியில் நூற்கப் பழகுங்கள்

நீங்கள் உடுத்தியிருக்கும் பருத்திச் சட்டையிலிருந்து ஒரு நூலை உருவி, முறுக்கைப் பிரித்துப் பாருங்கள். ஓர் அங்குலம், கொஞ்சம் கூடக்குறைய நீளமுள்ள பஞ்சிழைகளாக அது உதிர்ந்துவிடும். உள்ளே பசையோ முடிச்சோ கிடையாது. இவ்வளவு குட்டை இழைகளை மைல் கணக்கில் நீளும் நூலாகப் பிடித்து வைத்திருப்பது முறுக்குதான். பெரிய மில்லாக இருந்தாலும், கையால் சுழற்றி நூற்கும் சின்னக் கருவியான தக்களியாக இருந்தாலும் வேலை ஒன்றே: இழைகளைச் சீராக்கு, இழு, முறுக்கு.

மில்லில் போய்ப் பார்த்தால் எந்திர வேகத்தில் எதுவும் கண்ணில் நிற்காது. ரிங் ஸ்பின்னிங் என்னும் மில் நூற்பு முறையில், நூலை முறுக்கிச் சுற்றும் கதிர் நிமிடத்துக்கு 15,000 சுற்றுக்கு மேல் ஓடும். அதனால் நாம் தக்களியில் தொடங்கலாம்.

எந்தப் பஞ்சு?

பருத்தி விளையும் பக்கம் சொந்தபந்தம் இருந்தால் கொட்டையோடு கால் கிலோ கேட்டு வாங்குங்கள். அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் பஞ்சாகத் தேறும். கருங்கண்ணி போன்ற நாட்டுப் பருத்திக்கு இழை குட்டை. 1974-இல் கோவையில் உருவான சுவின் ரகத்தில் ஒன்றரை அங்குலம் வரை போகும். இழை நீளமாக இருந்தால் நூலை மெல்லிசாக இழுக்கலாம். பழகுவதற்கு இரண்டுக்கும் நடுவில் எது கிடைத்தாலும் சரி.

தலையணைக்கு அடைக்கும் இலவம் பஞ்சு மட்டும் வேண்டாம். பருத்திக்காய் வெடித்துக் காயும்போது உள்ளே குழாய் போல இருந்த இழை தட்டையாகி, ரிப்பனைத் திருகினது போல ஆகிவிடும். அந்தத் திருகல்தான் ஒன்றையொன்று கவ்வும். இலவம் இழை வழவழவென்று நேராக இருப்பதால் எவ்வளவு முறுக்கினாலும் நழுவும். மருந்துக்கடைப் பஞ்சும் பழகுபவர்களுக்குச் சிரமம். பருத்தி இழைமேல் இயற்கையாக ஒரு மெல்லிய மெழுகு உண்டு. மருந்துப் பஞ்சில் அதை நீக்கிவிடுவதால் இழைகள் சறுக்காமல் ஒட்டிக்கொள்ளும்.

கொட்டை எடுப்பது

பருத்தியை ஒரு மணி நேரம் வெயிலில் காய வையுங்கள். சூடு ஏறினால் கொட்டை சுலபமாகக் கழலும். பிறகு ஒவ்வொரு சுளையாகப் பலகையில் வைத்து, விரல் தடிமனில் ஓர் இரும்புக் கம்பியைச் சப்பாத்தி தேய்ப்பது போல அழுத்தி உருட்டுங்கள். கொட்டை முன்பக்கம் பிதுங்கி விழும், பஞ்சு பின்னால் தங்கும். கொட்டையை எறிய வேண்டாம், மாடு இருக்கிற வீட்டில் கொடுங்கள்.

பஞ்சு கொட்டிப் பட்டை போடுவது

அந்தக் காலத்தில் வில்லின் நாணைப் பஞ்சுக்குள் அதிரவிட்டுக் கொட்டுவார்கள். மில்லில் பஞ்சை உதிர்த்துச் சுத்தம் செய்யும் ப்ளோ ரூமும், இழைகளை வாரிச் சீராக்கும் கார்டிங்கும் செய்வது இதைத்தான். வீட்டில், நாய்க்கு முடி வாரும் கம்பிப் பிரஷ் இரண்டு வாங்கிக்கொண்டால் போதும். ஒன்றில் கொஞ்சமாகப் பஞ்சை வைத்து மற்றொன்றால் மெதுவாக வாருங்கள். முடிச்சும் தூசியும் போய், வெளிச்சத்தில் பிடித்தால் மேகம் போல ஒரே சீராகத் தெரிய வேண்டும். இதில் அவசரப்பட்டால் அப்புறம் நூல் முழுக்கக் குண்டும் குறுகலுமாக வரும்.

அந்த மேகத்தை உள்ளங்கை அளவுக்குப் பரப்பி, ஒரு பென்சிலைச் சுற்றித் தளர்வாக உருட்டி, பென்சிலை உருவிவிடுங்கள். இதுதான் பட்டை. இறுக்கி உருட்டினால் இழை வெளியே வராது.

தக்களி

காதி கடைகளில் கேட்டுப் பாருங்கள். இல்லாவிட்டால் சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பி ஒன்றை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, ஒரு முனையைக் கொக்கி போல வளைத்து, மறுமுனைக்குச் சற்று மேலே காசு அளவுள்ள கனமான வட்டு ஒன்றைப் பொருத்தினால் தக்களி தயார். கீழ்முனையைக் கொட்டாங்கச்சிக்குள் ஊன்றிச் சுழற்றுங்கள். அந்தரத்தில் தொங்கவிட்டால் குட்டை இழையால் எடையைத் தாங்க முடியாது, அறுந்துவிடும்.

நூற்பது

அரை முழம் பழைய நூலை வட்டுக்கு மேலே கட்டி, கொக்கி வழியாகக் கொண்டு வாருங்கள். அதன் நுனியைப் பிரித்துப் பஞ்சாக்கி, பட்டையின் நுனி மேல் ஓர் அங்குலம் படியுமாறு இடது கையால் பிடித்துக்கொள்ளுங்கள். வலது கையால் தக்களியை எப்போதும் கடிகாரம் சுற்றும் பக்கமாகவே சுண்டுங்கள். திசை மாறினால் போட்ட முறுக்கெல்லாம் பிரிந்துவிடும்.

முறுக்கு நூலில் ஏறி வந்து பட்டையைத் தொடும் நொடியைக் கவனியுங்கள். பஞ்சு நுனி சட்டென்று சுருங்கிக் கூம்பும். அப்போது இடது கையை மெல்லப் பின்னால் இழுங்கள். பட்டையை அழுத்திப் பிடிக்கக் கூடாது, கோழிக்குஞ்சைப் பிடிக்கிற பிடிதான்.

இழுக்கும்போது நூலில் தடித்த இடமும் மெலிந்த இடமும் வரும். பயப்பட வேண்டாம். முறுக்கு எப்போதும் மெலிந்த இடத்தைத் தேடித்தான் முதலில் ஓடும். மெலிந்த இடம் முறுக்கேறி உறுதியாகிவிடும், தடித்த இடம் தளர்ந்தே இருக்கும். அந்த நேரத்தில் இன்னும் கொஞ்சம் இழுத்தால் தடித்த இடம் மட்டும் நீண்டு மெலியும். நூல் தன்னைத்தானே சமன் செய்துகொள்ளும். இது கைக்குப் பிடிபடும் வரை நூல் அறுந்துகொண்டேதான் இருக்கும். எனக்குப் பத்து நாள் ஆனது. பிடிபட்ட அன்றைக்கு ராத்திரி தூங்காமல் நூற்றுக்கொண்டிருந்தேன்.

ஒரு முழம் வந்ததும் இழுப்பை நிறுத்தி, தக்களியை இன்னும் நான்கைந்து முறை சுண்டி முறுக்கை முடியுங்கள். பிறகு நூலைக் கொக்கியிலிருந்து எடுத்து வட்டுக்கு மேலே சுற்றிவிட்டு, மறுபடியும் தொடங்குங்கள். நூலைத் தளர்த்தினால் அது தானே சுருண்டு பின்னிக்கொள்ளும், அது சரி. கட்டெறும்பு மாதிரி முண்டு முண்டாகச் சுருண்டால் முறுக்கு அதிகம். இழுத்தவுடன் சத்தமில்லாமல் நழுவிப் பிரிந்தால் முறுக்கு பற்றவில்லை.

அறுந்தால் முடிச்சுப் போடாதீர்கள். நுனியைப் பிரித்துப் பட்டையோடு படிய வைத்து, முதலில் செய்தது போலவே சேருங்கள்.

வேகவைப்பது

தக்களி நிறைந்ததும் நூலை ஒரு நாற்காலியின் முதுகில் சுற்றி, வளையமாக, அதாவது சிட்டமாக எடுத்து, மூன்று இடத்தில் தளர்வாகக் கட்டுங்கள். துளி சோப்புப் போட்டு அரை மணி நேரம் கொதிக்கவிடுங்கள். தண்ணீர் டிகாக்‌ஷன் நிறத்துக்கு மாறும். மெழுகும் அழுக்கும் வெளியேறுகின்றன என்று அர்த்தம். அலசி, அடியில் சிறு கனம் தொங்கவிட்டு நிழலில் காய வைத்தால் முறுக்கு அடங்கிவிடும்.

நம்பர் பார்ப்பது

ஒரு பவுண்டு எடைக்கு 840 கஜம் நீளமுள்ள சிட்டம் எத்தனை வருகிறதோ அதுதான் நூலின் நம்பர். வீட்டுக் கணக்கு சுலபம்: ஒரு கிராமுக்கு எத்தனை மீட்டர் என்று பார்த்து 0.59-ஆல் பெருக்குங்கள். 20 மீட்டர் நூல் 2 கிராம் இருந்தால் கிராமுக்கு 10 மீட்டர், ஆக ஏறக்குறைய 6-ஆம் நம்பர். திருப்பூர் பனியன்களுக்கு 30, 40 நம்பர் நூல் ஓடுகிறது. நம்பர் ஏற ஏற நூல் மெல்லிசு.

முதல் சிட்டம் 6-ஆம் நம்பரில் வந்தால் அதை இரட்டையாகச் சேர்த்து, தக்களியை இப்போது எதிர்ப்பக்கம் சுழற்றி முறுக்குங்கள். இரண்டு நூலும் ஒன்றையொன்று கட்டிப்பிடித்துக்கொண்டு உறுதியாக நிற்கும். பெரிய காது உள்ள ஊசியில் அதைக் கோத்து, வீட்டில் பித்தான் போன சட்டை இருந்தால் தைத்துப் பாருங்கள்.